ஐவி பாத்திரம் தேய்க்கும்போது பாடிய பாட்டு

ஐவி மம்பி பாத்திரம் தேய்க்கும்போது பாடுவது என்ன பாட்டு என்று அவள் புருஷன் வால்ட்டுக்கு முப்பத்தொன்பது வருஷமாகத் தெரியாது. கல்யாணமாகி அவள் பெயர் மாறியிருந்தது. ஆனாலும் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மம்பி என்று சொன்னால்தான் அவளைத் தெரியும். வால்ட் மேற்குக் கரைக்காரன். மீன்பிடிக் கப்பலில் எஞ்சின் பார்த்தவன். ஒரு காதை அந்த எஞ்சினுக்கே கொடுத்துவிட்டு, மற்றக் காதோடு கரையேறியவன். அந்தக் காதுக்கு ஐவி தினமும் மூன்று வேளை அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னடி பாட்டு இது? ஏறவும் மாட்டேங்குது, எறங்கவும் மாட்டேங்குது. கட்டிப்போட்ட ஆடு மாதிரி அங்கயே சுத்திக்கிட்டு இருக்கு.”

“ஊருக்கே தெரிஞ்ச பாட்டு. உனக்குத்தான் தெரியல.”

“ஊரு பாவம்,” என்று சொல்லிவிட்டு வால்ட் செய்தித்தாளைப் பிரிப்பான்.

அவள் பொய் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்த பாட்டுதான். வால்ட்டே மேடைக்கு முன்னால் உட்கார்ந்து ஐம்பது தடவையாவது கேட்டுக் கைதட்டியிருக்கிறான். ஆனால் ஐவி தனியாகப் பாடினால் அது எந்தப் பாட்டு என்று யாருக்கும் பிடிபடாது. அது ஏன் என்று சொல்ல அவள் அம்மாவிடம் போக வேண்டும்.

அம்மா ஏடா வலை பின்னுகிறவள். ஏடாவின் அம்மாவும் வலை, ஏடாவின் தங்கை லாட்டியும் வலை, லாட்டியின் மாமியாரும் வலை. வீட்டு நடையில், சுவரில் அடித்த இரும்புக் கொக்கியில் வலை எப்போதும் தொங்கும். உள்ளே வருகிறவன் பாதிரியாராகவே இருந்தாலும் குனிந்துதான் வர வேண்டும். யுத்தம் வந்தபோது மீன்பிடிக் கப்பல்களைக் கடற்படை எடுத்துக்கொண்டது. அப்பா ஹெர்பர்ட் அதே கப்பலில், எதிரி கடலில் போட்ட கண்ணிவெடிகளைப் பொறுக்கப் போனார். கடைசியில் ஒரு விரல் குறைவாக, ஆனால் முழுசாகத் திரும்பி வந்தார். வீட்டுக் கொக்கியில் மீன் வலை போய், பீரங்கிகளை மூடி மறைக்கிற வலை தொங்கியது. அம்மாவோடு மூன்று பெண்களும் கை போட்டார்கள். நாற்பத்து மூன்றில் மூத்தவள் தோராவுக்குப் பதினாலு வயது. நடுவிலே ஐவி, பதினொன்று. கடைக்குட்டி மேவிஸ், எட்டு.

தோரா ஒரு வரிசை போட்டுக்கொண்டே போவாள். அவள் போட்ட கண்களில் ஐவி அடுத்த வரிசையைக் கோர்ப்பாள். மேவிஸ் தரையில் உட்கார்ந்து மர ஊசிகளில் கயிறு சுற்றித் தருவாள். கை சோராமல் இருக்கப் பாட்டு. மெட்டைத் தோரா எடுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் எதையும் முதலில் எடுக்கிறவள் அவள்தான். வெள்ளிக்கிழமைக் குளிக்கிற தகரத்தொட்டியின் முதல் வெந்நீர், ரொட்டியின் மொறுமொறு ஓரம், எல்லாம். மேவிஸுக்குக் குருவிக் குரல். அது தானாகவே மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

“அப்ப நான் எதைப் பாடுறது?” என்றாள் ஐவி.

“மிச்சம் இருக்கறதப் பாடு,” என்றாள் தோரா, ஊசியை நிறுத்தாமல்.

மிச்சம் இருந்தது இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. ஐவி அதற்குள் நுழைந்து பார்த்தாள். வார்த்தை அதேதான், மெட்டு வேறு. மேலே தங்கை, கீழே அக்கா, நடுவில் இவள் இரண்டு அடி எடுத்து வைத்து ஒரு அடி திரும்பி வருவாள். மூன்று குரலும் ஒன்றாகச் சேர்ந்த அந்த நிமிஷம், ஏடா கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள். “இன்னொரு தடவை பாடுங்கடி,” என்றாள். அப்புறம் அடுத்த வீட்டு லாட்டியைக் கூப்பிட்டாள். லாட்டி அடுத்த தெருவைக் கூப்பிட்டாள்.

ஒரே மாதத்தில் மம்பி சகோதரிகள் துறைமுகத்துச் சாப்பாட்டுக் கொட்டகையில் மத்தியான இடைவேளைக்குப் பாடினார்கள். பனிக்கட்டித் தொழிற்சாலையில் பாடினார்கள். குண்டு போடும் விமானங்கள் நிற்கிற தளத்தில், விமானத்தின் இறக்கைக்குக் கீழே நின்று பாடினார்கள். மூவருக்கும் ஒரே படுக்கை விரிப்பில் வெட்டித் தைத்த கவுன். ஒரே ஒரு மைக். மேவிஸுக்கு எட்டாது என்று ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் நிறுத்துவார்கள். தோரா நடுவில், மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில். ஐவி அவள் தோளுக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி. குரல் கேட்கக்கூடாது, ஆனால் இல்லாமலும் இருக்கக்கூடாது. அந்தத் தூரம் அது.

கொட்டகையில் பியானோ வாசித்தவர் ஒரு டிராம் கண்டக்டர். அவர்தான் அந்தப் பாட்டைக் கட்டிக் கொடுத்தார். ஆற்று முகத்தில் இருந்த கலங்கரை விளக்கை யுத்தத்துக்காக அணைத்து வைத்திருந்த காலம்.

*கலங்கரை விளக்கே, கண்ணைத் திற,*
*கடலுக்குப் போனவன் வருகிறான்;*
*கஞ்சியை அடுப்பில் ஏற்றி வைத்தேன்,*
*கதவின் தாழைத் திறந்துவிட்டேன்.*

அவ்வளவுதான். நாலு வரி. காகிதத்தில் யாரும் எழுதவில்லை. ஆனால் அந்த ஊரில் வலை பின்னிய, மீன் அறுத்த, பெட்டி சுமந்த ஒவ்வொரு வாய்க்கும் அது தெரியும். தெரிந்தாலும் யாரும் கூடப் பாட முடியாது. தோரா விடமாட்டாள். எவனாவது கூடச் சேர்ந்து முனகினால் பாட்டை நிறுத்தி, அவனையே பார்த்துக்கொண்டு நிற்பாள். “நீங்களே பாடுறதா இருந்தா நாங்க எதுக்கு வந்தோம்?” என்பாள். பதினாலு வயதிலேயே அப்படி. கப்பல் தலைவர்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள்.

யுத்தம் முடிந்து பத்துப் பதினொரு வருஷம் கிளப்புகளிலும் கடற்கரை அரங்குகளிலும் பாடினார்கள். லண்டனிலிருந்து ஒருவர் வந்து, ஊர் ஊராக ஒரு வருஷம் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அந்த வாரத்தில்தான் ஐவி வால்ட்டுக்குச் சம்மதம் சொன்னாள். வால்ட் கப்பலில் போனால் மூன்று வாரம், வந்தால் மூன்று நாள். அந்த மூன்று நாளுக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்றாள் ஐவி.

தோரா விடவில்லை. ஐவிக்குப் பதிலாகப் பெரியப்பா மகள் டோரினை நிறுத்திப் பார்த்தாள். டோரினுக்கு நல்ல குரல், தேவாலயத்தில் தனிப்பாட்டு பாடுகிறவள். ஆனாலும் சேரவில்லை. முன்பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது என்று லாட்டி சித்தி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். லண்டன்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு ஆறு வருஷம் தோரா ஐவியிடம் பேசவில்லை. ஏடா செத்த அன்றுதான், பிணத்துக்கு முன்னால், “தேத்தண்ணி போட்டியா?” என்று கேட்டாள்.

பிறகு யுத்த காலத்தையே மேடையில் போடுகிற காலம் வந்தது. எந்த அரங்கைப் பார்த்தாலும் சைரன், இருட்டடிப்பு, ரேஷன், பாட்டு. பார்க்க வருகிறவர்கள் அந்தக் காலத்துக் கோட்டையும் தொப்பியையும் பரணிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு வருவார்கள். நரைத்த மம்பி சகோதரிகளுக்கு மறுபடியும் கிராக்கி. மூன்று வீட்டிலும் பிள்ளைகள் வளர்ந்தாகிவிட்டது. மூவரும் அதே மைக், அதே சாண், அதே முழம். மேவிஸுக்கு மட்டும் பெட்டி வேண்டியிருக்கவில்லை. கசாப்புக்கடைக்காரனைக் கட்டிக்கொண்டு நன்றாகவே வளர்ந்திருந்தாள்.

அப்படித்தான் தொண்ணூற்றைந்தாம் வருஷம், மே மாதம் எட்டாம் தேதி வந்தது. சண்டை முடிந்து ஐம்பது வருஷம். திங்கட்கிழமை, ஊரெல்லாம் விடுமுறை, தெருவெல்லாம் கொடி. கிரிம்ஸ்பியை ஒட்டிய கிளீதோர்ப்ஸ் கடற்கரை அரங்கில் ‘திரையை இழுத்து மூடு’ என்ற பாட்டு நாடகம், மத்தியானம் இரண்டரை மணிக்கு. முந்நூறு இருக்கையும் மார்ச் மாதமே போய்விட்டன. நாடகத்தின் உச்சம் நிலவறைக் காட்சி. மேலே குண்டு விழுகிறது, கீழே மூன்று சகோதரிகள், ஒரு லாந்தர், கலங்கரை விளக்குப் பாட்டு. பியானோ கிடையாது. நாடகத்தை நடத்திய மிஸ்டர் பாக்லிங்டன் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மேடையில் சாப்பிடுவது நிஜ முட்டைப்பொடி, பிரித்துக் காட்டுவது நிஜ ரேஷன் புத்தகம். “நிலவறைக்குள்ள எவன் பியானோவை எறக்குவான்?” என்பார்.

சனிக்கிழமை தோரா பேரனின் கால்பந்து ஆட்டத்துக்குப் போனாள். நடுவர் ஒரு கோலைக் கோல் இல்லை என்றார். தோரா அவருக்கு விளக்கம் சொன்னாள், முக்கால் மணி நேரம், வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அரங்கத்தின் பின்கட்டில் தோரா கழுத்தில் கம்பளி சுற்றி உட்கார்ந்திருந்தாள். மடியில் பலகை. நாடகத்தில் குண்டுவீச்சுக் காவலர், நிலவறைக்கு வந்தவர்களின் பெயர் குறிக்கிற சிலேட்டுப் பலகை அது. கையில் சுண்ணாம்புக்கட்டி. பாக்லிங்டன் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார்.

“ஒத்திகை டேப்பு இருக்கு. மூணு பேர் குரலும் அதுல இருக்கு. டேப்ப ஓட விடுவோம், நீங்க மூணு பேரும் நின்னு வாய மட்டும் அசைங்க. ஒருத்தருக்கும் தெரியாது.”

தோரா பலகையில் எழுதினாள்: டேப் போடு.

ஐவிக்குச் சுரீர் என்றது. இந்த ஒரு நாளுக்காக அவள் டிசம்பரிலிருந்து நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டு பிறந்த ஊர், அந்தச் சண்டை முடிந்த நாள், அதே சனம். அதில் பொம்மை மாதிரி நிற்பதா?

“நான் வாயை அசைக்கமாட்டேன்,” என்றாள்.

“ஏன் ஐவி?”

“நாப்பது வருஷம் மீன் அறுத்திருக்கேன் மிஸ்டர் பாக்லிங்டன். சத்தமில்லாம வாயத் தொறந்து மூடுறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். மீன் செத்ததுக்கப்புறந்தான் அப்படிக் கெடக்கும்.”

“வேற வழி என்ன?”

“நீங்களே சொல்லுங்க. நாப்பத்து மூணுல நிலவறைக்குள்ள டேப்பு இருந்துச்சா?”

பாக்லிங்டன் நடையை நிறுத்தினார். நிஜம் என்ற இடத்தில் குத்தினால் அந்த மனுஷனுக்குத் தாங்காது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரி. அப்ப மெட்டை யார் பாடுவாங்க?”

“நான் பாடுறேன்,” என்றாள் ஐவி.

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. அறுபத்து மூன்று வயதில், முதல் வெந்நீர்! தோரா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்ப நடுக்குரல்?” என்றார் பாக்லிங்டன்.

“நடுக்குரல் இல்லாட்டி ஒண்ணும் முழுகிப் போயிடாது. மெட்டு இருந்தா சனத்துக்குப் பாட்டு தெரியும். மேல மேவிஸ் இருக்கா. பத்தாதா?”

“பன்னெண்டு மணிக்குப் பாடிக் காட்டுங்க. முழுசா நின்னுச்சுன்னா நிஜப் பாட்டு. இல்லேன்னா டேப்பு.”

மூன்று மணி நேரம் ஐவி கடற்கரை நடையில் மேலும் கீழுமாக நடந்தாள். அலை உள்வாங்கி, சேறு பளபளத்துக் கிடந்தது. கொடி பிடித்த சின்னப் பிள்ளைகளும், அந்தக் காலத்து மாதிரி தலையில் துணி கட்டிய கிழவிகளும், காகிதத்தில் சுற்றிய மீனும் உருளைக்கிழங்கு வறுவலுமாக நடைபாதை நிறைந்து வழிந்தது. ஐவி யாரையும் பார்க்கவில்லை. மெட்டு அவளுக்குத் தெரியாதா என்ன? இத்தனை வருஷம் காதுக்கு ஒரு முழம் தூரத்தில் கேட்டது. முதலில் தொண்டைதான் வழுக்கியது. மூன்றாவது தடவை நின்றது. ஏழாவது தடவை அவளே சிரித்துவிட்டாள். எவ்வளவு இடம் இருக்கிறது இந்த மெட்டில்! ஏறலாம், இறங்கலாம், கைவீசி நடக்கலாம். தோரா இத்தனை வருஷமாக இந்த அகலமான ரோட்டிலா போய்க்கொண்டிருந்தாள்!

பன்னிரண்டு மணிக்கு மேவிஸ் வந்து சேரவில்லை. அவள் இருந்தது லவுத் ஊரில். விடுமுறை நாள் என்று பஸ்ஸைப் பாதியாகக் குறைத்துவிட்டிருந்தார்கள்.

“மேவிஸ் வராட்டியும் பரவாயில்ல, மெட்டுதான பாக்கணும்,” என்று ஐவி மேடை ஏறினாள். வெறும் இருக்கைகள். பாக்லிங்டன் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஐவி மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில், தோராவின் இடத்தில், நின்றாள். பாடினாள். நாலு வரியும் நின்றது. இரண்டாம் தடவையும் நின்றது. கடைசி வரியில் குரல் கொஞ்சம் துள்ளியது, அது சந்தோஷத்தில்.

பாக்லிங்டன் எழுந்து நின்று கைதட்டினார். “நிஜம்! நிஜம்!” என்றார்.

தோரா மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே பலகையில் எழுதி நீட்டினாள்: மேவிஸ் வரட்டும்.

“வந்தா என்ன?” என்றாள் ஐவி.

தோரா அதையே அடிக்கோடிட்டு மறுபடி நீட்டினாள்.

“உனக்குப் பொறாமைடி தோரா. உன் எடத்துல நின்னுட்டேன்னு வயிறு எரியுது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் விட்டுக் குடுத்தா கொறைஞ்சா போயிடுவ?”

தோரா பலகையைத் துடைத்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள்.

மேவிஸ் இரண்டேகாலுக்கு வந்தாள், பன்றி இறைச்சி வைத்துச் சுட்ட அப்பம் ஒன்றைத் துணியில் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க. “பஸ்ஸா அது? தள்ளிக்கிட்டு வந்திருந்தா முன்னாடியே வந்திருப்பேன்!” அவளுக்குக் கவுன் மாட்டி, தலை வாரி, சமாச்சாரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் முதல் சைரன் ஊதிவிட்டது.

“அப்ப நான் என் பாட்டுக்கு எப்பவும் பாடுறதையே பாடட்டுமா?” என்றாள் மேவிஸ்.

“நீ உன் மேல்குரலப் பாடு. முதல் வரி நான் தனியா, ரெண்டாவதுல நீ வந்துடு.”

“எப்பவும் அப்படித்தான. சரி கண்ணு.”

அரங்கு பொங்கிக்கொண்டிருந்தது. நாலாவது வரிசையில் வால்ட், கல்யாணத்துக்குப் போட்ட கழுத்துப்பட்டையோடு. முட்டைப்பொடி காட்சிக்குச் சிரித்தார்கள், தந்தி வருகிற காட்சிக்கு மூக்கைச் சிந்தினார்கள். பிறகு விளக்கெல்லாம் அணைந்தது. மேலே குண்டுச் சத்தம். மேடையில் ஒரே ஒரு லாந்தர். ஐவியும் மேவிஸும் நிலவறைப் படுக்கையிலிருந்து எழுந்து மைக்குக்கு வந்தார்கள். தோரா கவுனைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்து, பக்கத் திரைக்குப் பின்னால் பலகையோடு நின்றாள்.

“தோரா எங்க?” என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.

ஐவி மூச்சை இழுத்தாள். *கலங்கரை விளக்கே, கண்ணைத் திற…* நன்றாக வந்தது. அகலமாக வந்தது. முந்நூறு பேரும் ‘ஆ’ என்று மூச்சு விட்டார்கள். ஐவிக்குக் கால் தரையில் படவில்லை.

இரண்டாவது வரியில் மேவிஸ் சேர்ந்தாள்.

அந்தக் குருவிக் குரல் வலது காதுக்குப் பக்கத்தில் வந்ததுதான் தாமதம், ஐவியின் குரல் யாரையும் கேட்காமல் எழுந்து, தன் பழைய சந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு அடி முன்னே, ஒரு அடி பின்னே. ஐவி அதை இழுத்துப் பார்த்தாள். மெட்டுக்கு இறங்கியது. மேவிஸ் அடுத்த வார்த்தையைப் போட்டதும் திரும்பவும் ஏறியது. அப்போதுதான் அந்தப் பலகை அவள் கண்முன் வந்தது. மேவிஸ் வரட்டும். பொறாமை இல்லை. தோராவுக்குத் தெரிந்திருக்கிறது.

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. இப்போதுதானே தெரிந்த பாட்டாக இருந்தது? மேலே ஒரு இழை, நடுவில் ஒரு இழை, அடியில் ஓட்டை. தொப்பிகள் ஒன்றை ஒன்று திரும்பிப் பார்த்தன. பக்கத் திரையில் பாக்லிங்டன் தலையில் கை வைத்தார். ஐவி நிறுத்திவிடலாமா என்று நினைத்தாள். நிறுத்தினால் டேப். இந்த நாளும் டேப்போடு போகும்.

அந்தக் குழப்பத்தில், நாலாவது வரிசையிலிருந்து, ஒற்றைக் காது கேட்கிற மனுஷனின் பெரிய குரல்:

“அட! இது எங்க வீட்டுச் சமையல்கட்டுப் பாட்டு!”

அரங்கு முழுக்கச் சிரித்தது. ஐவியும் பாடிக்கொண்டே சிரித்தாள், ஆனால் நிறுத்தவில்லை. மூன்றாவது வரி, நாலாவது வரி, மெட்டே இல்லாமல் முடிந்தது. மேவிஸ் அவள் கையைப் பிடித்து நசுக்கினாள். “விடாத, சுத்தி வா,” என்றாள் உதட்டோரமாக. மறுபடி முதல் வரிக்கு வந்தார்கள்.

அப்போது தோரா வெளியே வந்தாள்.

கழுத்தில் கம்பளியோடு, பலகையை நிலவறைப் படுக்கையின் மேல் எறிந்துவிட்டு, நேரே மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். அரங்கு கப்பென்று அடங்கியது. அந்தப் பார்வை எல்லோருக்கும் தெரியும். அவர்களில் பாதிப் பேர் சின்ன வயதில் அந்தப் பார்வைக்குப் பயந்து வாயை மூடியவர்கள். தோரா வாயைத் திறந்து, சத்தமில்லாமல், ஒவ்வொரு வார்த்தையாக உதட்டால் சொன்னாள். பிறகு இரண்டு கையையும் அவர்கள் பக்கம் நீட்டி, மாவு அள்ளுவதுபோல் மேலே அள்ளினாள்.

ஒருத்தரும் பாடவில்லை. நம்ப முடியவில்லை அவர்களுக்கு.

தோரா காலால் மேடையை ஓங்கி ஒரு உதை உதைத்து, மறுபடி அள்ளினாள்.

முதலில் பின்வரிசையில் ஒரு கிழவி தொடங்கினாள். அப்புறம் அவள் பக்கத்தில் ஒருவர். அப்புறம் யார் என்று சொல்ல முடியாது. முந்நூறு பேரும் எழுந்து நின்றார்கள், ஐம்பது வருஷம் பூட்டி வைத்திருந்த வாய்களோடு. *கடலுக்குப் போனவன் வருகிறான்!* மெட்டு தரையிலிருந்து எழுந்து வந்தது. மேடைப் பலகை அதிர்ந்தது. அதன் மேல் மேவிஸின் குருவி. அந்த இரண்டுக்கும் நடுவே, மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் ஐவி.

அவள் குரல் அரங்கு முழுக்கக் கேட்டது. அதுவரை அது யாருக்கும் தனியாகக் கேட்டதே இல்லை. எல்லோரும் மெட்டைப் பாடிக்கொண்டிருந்ததால், நடுவழி முழுக்க அவளுக்கு மட்டுமே இருந்தது. கீழே ரோடு போகிறது, மேலே குருவி போகிறது, நடுவில் இவள் இரண்டு அடி முன்னே, ஒரு அடி பின்னே, வழி தவறாமல் போய்க்கொண்டிருந்தாள். மயிர்க்கூச்செறிந்தது அவளுக்கு.

“நிலவறை!” என்று பாக்லிங்டன் திரைக்குப் பின்னாலிருந்து தவித்தார். “நிலவறைக்குள்ள முந்நூறு பேர் எப்படிடா இருப்பாங்க!” மூன்றாவது சுற்றில் அவரும் பாடிக்கொண்டிருந்தார்.

ஐந்து தடவை பாடினார்கள். தோரா விடவில்லை. ஒவ்வொரு தடவையும் அள்ளினாள். கடைசித் தடவை முடிந்ததும் திரை விழ மறந்துவிட்டது. திரை இழுக்கிறவனும் பாடிக்கொண்டிருந்தான்.

பின்கட்டில் தோரா நாற்காலியில் விழுந்து, பலகைக்குக் கையை நீட்டினாள். ஐவி எடுத்துக் கொடுத்தாள்.

“உனக்குத் தெரியுமாடி முன்னாடியே?”

தோரா எழுதினாள்: டோரின் கூடப் பாடுனப்ப நான்கூட மெட்ட விட்டுட்டு உன்னத் தேடிப் போனேன்.

ஐவி அதை இரண்டு தடவை படித்தாள். மேவிஸ் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, இறைச்சி அப்பத்தை மூன்று துண்டாக வெட்டினாள். மொறுமொறு ஓரம் பெரிதாக இருந்த துண்டைத் தோரா எடுத்து ஐவியின் தட்டில் வைத்தாள்.

“நாளைக்கு ஆட்டத்துக்கும் இதே மாதிரி,” என்று பாக்லிங்டன் உள்ளே வந்தார், மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து மங்க. “சனம் பாடணும். நான் விளம்பரத்துலயே போட்டுர்றேன்.”

தோரா எழுதினாள்: என் குரல் வந்துட்டா பாடக்கூடாது.

“வராது,” என்றாள் ஐவி. “நாளைக்குக் காலைல இன்னொரு கால்பந்து ஆட்டம் இருக்கான்னு பாத்துட்டு வர்றேன்.”

வால்ட் கதவில் நின்றான், தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு.

“முப்பத்தொன்பது வருஷமா பாதிப் பாட்டத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்,” என்றான்.

“பாதி இல்ல. மூணுல ஒண்ணு,” என்றாள் ஐவி. தேத்தண்ணிக் கோப்பைகளை அள்ளிக்கொண்டு மூலையிலிருந்த கழுவு தொட்டிக்குப் போனாள். குழாயைத் திறந்ததும் அவள் வாய் தானாகத் தொடங்கிவிட்டது.

வால்ட் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றான். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து நல்ல காதால் கேட்டான். பிறகு அவள் பாடுவதற்கு அடியில், முதல் தடவையாக, மெட்டைப் போட்டான். எஞ்சின் அறைக் குரல், சுருதி எங்கோ ஐஸ்லாந்துப் பக்கம். ஐவி தன் வழியிலிருந்து நகரவில்லை.

மூன்றாவது வரி வரைக்கும் தோரா பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் சுண்ணாம்புக்கட்டியை எடுத்து, குறி பார்த்து, அவன் முதுகில் எறிந்தாள்.